கிரீட் தீவில் காம்பில்லாத பூக்கள்

மத்தியதரைக் கடல் பக்கம் பூப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னபோது, என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் டெனிஷ்காரிகள், ஏப்ரலில் கடல் இன்னும் குளிராக இருக்குமே என்று கவலைப்பட்டார்கள். எங்கள் ஆட்களோ அங்கே சோறு கிடைக்குமா என்று கேட்டார்கள். பூவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கோ பூப் பைத்தியம். கைத்தொலைபேசியில் ஒரு செயலி வைத்திருக்கிறேன். எந்தச் செடியைப் படமெடுத்தாலும் அதன் பெயரை டெனிஷில் சொல்லிவிடும். வேலைக்குப் போகும் வழியில் வேலியோரம் குந்தியிருந்து படமெடுத்து நான் பஸ்ஸைத் தவறவிட்ட கதைகள் வைலேயில் கொஞ்சம் பிரபலம்.

சனிக்கிழமை. வைலே பஸ் நிலையத்தில் விடிகாலை மூன்று பாகை. பில்லுண்ட் விமான நிலையம் இருபத்தெட்டுக் கிலோமீற்றர் தூரம்தான். வழியெல்லாம் வீட்டு முற்றங்களில் மஞ்சள் நிற ஈஸ்டர் லில்லிகள் மட்டும் குளிரில் தலை குனிந்து நின்றன. அந்த வருடம் டென்மார்க்கின் ஈஸ்டரும் கிரேக்கர்களின் ஈஸ்டரும் ஒரே கிழமையில் வந்ததால், அரச விடுமுறைகளோடு சேர்த்து ஒரு முழுக் கிழமை லீவு எடுக்க முடிந்தது. பயணச்சீட்டு, அறை எல்லாவற்றையும் மகள்தான் பதிவு செய்தாள். தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் எழுதுகிற மகள். சனி போய்ச் சனி திரும்பும் விமானம், ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு குரோணர்.

என் கணவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இவர் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஆனால் கேட்டால் அதைச் சொல்லமாட்டார், கோயிலில் பூத்தொண்டு செய்கிறேன் என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் காரோடிப் போய், மொத்தக் கடையிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் பூவின் நடுவே சப்பாணி கட்டி உட்கார்ந்துவிடுவார். காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தலையை மட்டும் எடுத்து மாலை கட்டுவது இவருடைய வேலை. பூவை மோந்து பார்க்கவும் மாட்டார். சாமிக்கு வைக்கும் முன் மோந்தால் அது எச்சில் என்று சின்ன வயதில் யாரோ சொன்னது, இந்த அறுபது வயதிலும் மாறவில்லை. பூப் பைத்தியம் பிடித்த எனக்கு இப்படி ஒரு மனிதர் வாய்த்தது நல்ல பொருத்தம்தான். நான் பூவைத் தேடிப் போவேன், இவர் பூ வந்து சேரும் இடத்தில் இருப்பார்.

நாலு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த பறப்பு. பக்கத்து இருக்கையில் வருடா வருடம் கிரீட்டுக்குப் போகும் ஒரு டெனிஷ் முதியவர். ஓகஸ்ட்டில் போனால் அந்தத் தீவு சுட்ட பாணின் பழுப்பு நிறத்தில் இருக்கும், ஏப்ரலில்தான் பச்சை என்றார். ஹனியா விமான நிலையத்தில் இறங்கி நகரத்துக்குப் பஸ் பிடித்தோம். நகர பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருவோரத் தோடை மரங்கள், ஆரஞ்சு வகைதான், பூத்திருந்தன. குளிர் நாட்டிலிருந்து வந்த மூக்குக்கு அந்த வாசம் நேரே அடித்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கிரேக்கர்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நாங்கள் வைலேயில் கடற்காற்றைக் கவனிக்காததைப் போலத்தான்.

அங்கிருந்து வ்ரிஸெஸ் என்ற சிறு ஊருக்கு முப்பத்து மூன்று கிலோமீற்றர், நாலு யூரோ சொச்சம். எங்களுக்கு அறை தரும் எலேனி பழைய பிக்கப் வண்டியோடு அங்கே காத்திருந்தார். என் வயதுதான் இருக்கும், ஐம்பத்தைந்து. தலை முதல் கால் வரை கறுப்பு உடை. கைகுலுக்கியதும் முதலில் எங்களைப் பெரிய நிழல்மரங்களின் கீழே ஒரு கடைக்குக் கூட்டிப்போய் ஆட்டுத்தயிரும் தேனும் வாங்கித் தந்தார். அந்த ஊர் அதற்குத்தான் பெயர்போனதாம். கட்டித் தயிரில் தேன் ஓடும் அழகைப் பார்த்ததும் இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். எருமைத் தயிரும் அதன் மேல் ஊற்றிய கித்துள் பனைப் பாணியும் தின்று வளர்ந்தவர்களுக்கு வேறு வரவேற்புரை தேவையில்லை.

எலேனியின் கிராமம் வெள்ளை மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை, அவர் விரும்பமாட்டார். மலைகளின் உச்சியில் இன்னும் பனி, கீழே ஒலிவ் தோப்புகள், இடையில் கல் மதில்கள், மதில்களில் நாகதாளி. வண்டியில் வரும்போதே எலேனி தன் கதையைச் சொல்லிவிட்டார். அவருடைய ஆங்கிலம் என் ஆங்கிலத்தைப் போலத்தான், வளைவு நெளிவு இல்லாதது. கணவர் மனோலிஸ் போன செப்டெம்பரில் ஒலிவ் தோப்பில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பில் இறந்துவிட்டார். வீடு பெரிது, ஆள் ஒன்று. ஆகவே மேல்மாடி அறையை வாடகைக்கு விட முடிவு செய்தார். நாங்கள்தான் முதல் விருந்தாளிகள்.

வீட்டு முற்றத்தில் மதில் நீளத்துக்கு வெள்ளை அடித்த எண்ணெய்த் தகரங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரச் செடி, நெடுந்தண்டைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. என் செயலி அதை லெவ்கோய் என்றது, எலேனி வியோலா என்றார். கராம்பு வாசம். எலேனி அந்தத் தகரங்களின் முன்னால் நின்று சொன்னதை நான் வரிக்கு வரி இவருக்குச் சொன்னேன். பெரிய வெள்ளியன்று யேசுவின் உடலைக் கிடத்துவதுபோல ஒரு மரப் பாடையைக் கோயிலில் பூவால் மூடுவார்கள். ஊரெல்லாம் பூக் கொண்டுவரும். ஆனால் அந்த வருடம் சாவு விழுந்த வீட்டின் பூதான் தலைமாட்டில் வரவேண்டும், இது இந்தக் கிராமத்து வழக்கம். மனோலிஸின் நாற்பதாம் நாள் முடிந்த மறுநாள் எலேனி இந்த விதைகளைப் போட்டிருக்கிறார். குளிர்காலம் முழுக்க இவற்றோடுதான் கதைத்துக்கொண்டிருந்தாராம்.

"வெள்ளிக்கிழமை காலையில் கொண்டுபோவேன். அதுவரைக்கும் ஒன்றும் நடக்கக்கூடாது" என்றார் எலேனி.

இவர் இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு அந்தச் செடிகளைப் பார்த்தபடி நின்றார். அன்று முழுக்க முற்றத்தில் சிகரெட் பிடிக்கவில்லை, தெருவுக்குப் போய்த்தான் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கத்தோலிக்க நண்பர்கள் குருத்தோலை ஞாயிறு என்று சொல்லும் நாள். கோயில் வாசலில் ஓலையில் பின்னிய சிறு சிலுவை ஒன்றை எங்களுக்கும் தந்தார்கள். எங்கே இருந்து வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு டென்மார்க் என்றால் சிரிப்பு, இலங்கை என்றால் யோசனை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் உட்காரச் சொல்லி ஒரு கோப்பி.

திங்களும் செவ்வாயும் நடந்தே திரிந்தோம். ஒலிவ் மரங்களின் கீழே நிலம் தெரியாமல் மஞ்சள் டெய்சி, இடையிடையே சிவப்பு வல்முவ. தமிழில் கசகசாப் பூ என்று சொல்லலாமோ என்னவோ. எனக்கு முதலில் வருவது டெனிஷ் பெயர்தான். சரிவுகளில் கிரீட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு ரோஸ் நிறப் பற்றை. பாதையோரம் பெண்கள் குனிந்து, சின்னக் கத்தியால் காட்டுக் கீரை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எது கீரை எது களை என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. ஒரு பெண் ஒரு பிடியை என்னிடம் நீட்டி, அவித்துத் தேசிக்காய் பிழிந்து சாப்பிடு என்று கையாலேயே சொல்லித் தந்தார். அன்றிரவு எலேனியின் அடுப்பில் அதைத்தான் அவித்தோம். நல்ல கசப்பு. இவருக்கு இரண்டு தரம் வேண்டியிருந்தது.

இந்த ஊரில் மதியம் இரண்டு மணிக்குக் கதவுகள் சாத்தப்பட்டால் ஐந்து மணிவரை நாய்கூடக் குரைக்காது. டென்மார்க்கில் பகலில் உறங்குகிறவனை நோயாளி என்பார்கள். இவர் முதல் நாளே உள்ளூர்க்காரனாகிவிட்டார்.

புதன்கிழமை மலைப் பஸ் ஏறி இம்ப்ரோஸ் பள்ளத்தாக்குக்குப் போனோம். எட்டுக் கிலோமீற்றர் இறக்கம். ஓரிடத்தில் இரண்டு பக்கப் பாறையையும் கை விரித்துத் தொடலாம். பாறை இடுக்கில் சின்ன வெள்ளை சைக்ளமன்கள். ஒரு திருப்பத்தில், ஆள் முழங்கை நீளத்துக்குக் கருஞ்சிவப்பு மடல் விரித்த ஒரு பூ நின்றது. ஆசையாக மூக்கைக் கொண்டுபோனேன். செத்த எலி நாற்றம். ஈக்களை வரவழைக்க அப்படி நாறுமாம், செயலியில் பிறகுதான் வாசித்தேன். நான் இருமி முடியும் வரை இவர் பொறுமையாக நின்றார்.

"பூவை மோக்கக் கூடாது எண்டு நான் எத்தினை வருசமாச் சொல்லுறன்" என்றார்.

வியாழக்கிழமை. எலேனி வெங்காயத் தோலில் முட்டைகளை அவித்துச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தபோது தெற்கிலிருந்து காற்று எழுந்தது. ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி மணலோடு வரும் சூடான காற்று. வானம் மஞ்சளாகியது. முட்டைச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு எலேனி முற்றத்துக்கு ஓடினார். இந்தக் காற்று ஒரு பின்னேரம் அடித்தாலே போதும், பூ முழுவதும் கருகிவிடும். கட்டில் விரிப்புகளைக் கொண்டுவந்து மதிலிலிருந்து கட்டினோம். ஒரு மூலையை நான் பிடித்தேன், மறு மூலையை எலேனி. நடு விளிம்பு பறக்காமல் இவர் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். காற்று அடங்கும்வரை எழும்பவில்லை. கண்ணெல்லாம் மணல். பின்னேரம் விரிப்பை எடுத்துப் பார்த்தால் ஒரு பூவும் வாடவில்லை. எலேனி இவருடைய தோளில் தட்டி ஏதோ கிரேக்கத்தில் சொன்னார். இவர் தமிழில் பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் திருப்தி.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கட்டிலில் இவர் இல்லை. குளித்திருக்கிறார், குளியலறை ஈரம். ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வேட்டி கட்டி, திருநீறு பூசி, எலேனியின் பெரிய அலுமினியச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்துப் படியில் இருந்தார். சட்டி நிறைய வெள்ளைப் பூ. மல்லிகை ஆய்வதுபோல ஒவ்வொரு பூவாக, ஒன்றும் கசங்காமல், வண்டு வந்து தொட முன்னம், முறைப்படி ஆய்ந்திருக்கிறார். மதிலோரம் தகரங்களில் வெறும் தண்டுகள் பச்சைக் குச்சிகளாக நின்றன.

நான் இறங்கி ஓடினேன். இவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"எல்லாம் ஆய்ஞ்சு போட்டன். பாவம், தனிச்ச மனுசி. எழும்பி வந்து இதைத் தூக்கிக்கொண்டு போனாச் சரி" என்றார்.

பின்னால் கதவு திறந்தது. எலேனி கையில் கத்தரிக்கோலோடு வந்தார். சட்டியைப் பார்த்தார், பிறகு மதிலைப் பார்த்தார். மெதுவாக நடந்து போய், முதல் தகரத்தின் தண்டைத் தொட்டார், அடுத்ததைத் தொட்டார், கடைசி வரைக்கும் தொட்டுக்கொண்டு போனார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். திரும்பி வந்து படியில் உட்கார்ந்து, பாடையின் மரச் சட்டத்தைச் சுற்றிக் கம்பி வலை அடித்திருப்பார்கள், தண்டைத்தான் அதற்குள் செருகுவோம் என்று எனக்கு விளக்கினார். தண்டு இல்லாத பூவை எதில் செருகுவது? இனித் தலைமாட்டில் வேறு வீட்டுப் பூவைத்தான் வைப்பார்கள்.

இவருக்கு அதைச் சொன்னேன். வாழ்க்கை முழுக்க இவர் கண்ட சாமிப் பூவில் காம்பு இருந்ததில்லை. காம்பைச் சாமிக்கு வைக்கிற ஆட்களும் உலகத்தில் இருப்பார்கள் என்று இவருக்கு எங்கே தோன்றப் போகிறது! முகம் சாம்பலாகிவிட்டது.

"நான் அவவின்ர பூவைக் கெடுத்துப்போட்டன் எண்டு சொல்லு. பிறகு ஊசியும் நூலும் கேள்" என்றார்.

எலேனி ஊசியைக் கொண்டுவந்து தந்தார், ஆனால் நம்பிக்கையோடு அல்ல. இவர் நூலை இரட்டையாக்கி, பூவின் கழுத்தில் ஊசியை ஏற்றி, ஒன்று வலம் ஒன்று இடமாகக் கோக்கத் தொடங்கினார். நான் அடுத்த நூலை எடுத்தேன். வெயில் ஏறியது, தூரத்தில் கோயில் மணி ஒற்றை ஒற்றையாகச் சாவு மணி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு முழம் மாலை உருண்டு திரண்டு இவர் மடியில் விழுந்த பிறகுதான் எலேனி கிட்ட வந்தார். அதைத் தூக்கிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இன்னொரு ஊசியை எடுத்துக்கொண்டு வந்து எங்களுக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் கோத்த முதல் வரி முழுக்க ஒரே பக்கம் பார்த்தது. இவர் அதைப் பொறுமையாக உருவி, திரும்பக் கோத்துக் காட்டினார். இரண்டு பேருக்கும் பொது மொழி ஒன்றும் இல்லை. மூன்று பேருமாக மூன்று நீள மாலை முடித்தோம்.

கோயிலில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். பாடையின் கால்மாடும் பக்கங்களும் ஊதா, சிவப்பு, மஞ்சள் என்று நிரம்பிவிட்டிருந்தன. தலைமாடு மட்டும் கம்பி தெரிய வெறுமையாக எலேனிக்காகக் காத்திருந்தது. மனோலிஸின் தங்கைதான் அங்கே தலைமை. சட்டிக்குள் எட்டிப் பார்த்து, தண்டு எங்கே என்று கேட்டார் போலிருக்கிறது. எலேனி நீளமாகப் பதில் சொன்னார். நடுவில் இவரைக் கையால் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் அப்போது வெளியே முற்றத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு, உள்ளே வருவதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். நான் கும்பிடாத தெய்வமெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் கும்பிட்டேன்.

மனோலிஸின் தங்கை ஒரு மாலையை எடுத்துத் தலைமாட்டு வளைவில் பிடித்துப் பார்த்தார். சரியில்லை என்று தலையாட்டினார். பிறகு இரண்டாவதை எடுத்து முதலாவதன் கீழே தொங்கவிட்டார். மூன்றாவதையும் தொங்கவிட்டார். வெள்ளை மூன்று அடுக்காக வளைந்து இறங்கியது, கம்பி மறைந்தது. சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, வாசலை நோக்கி இவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நுனியை இழுத்துக் கட்ட ஆள் வேண்டுமாம். இவர் கையைக் கழுவிவிட்டுத்தான் தொட்டார்.

அன்று மதியம் எண்ணெய் சேர்க்காத பருப்பும் வினாகிரியும். ஊர் முழுக்க மரக்கறி. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கத் தனியாகக் கெஞ்ச வேண்டியிராத ஒரு நாட்டை இவர் முதல்முறையாகப் பார்த்தார். பொழுது சாய, மெழுகுதிரிகளோடு ஊரே பாடையின் பின்னால் நடந்தது. ஒலிவ் தோப்பு, மனோலிஸ் விழுந்த தோப்பு, அதைக் கடக்கும்போது எலேனி என் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்ததும் பாடையை உயர்த்திப் பிடித்தார்கள், எல்லோரும் அதன் கீழே குனிந்து போனோம். அதன் பிறகு ஆளுக்கொரு பூவை உருவி வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். தலைமாட்டு வெள்ளையை மட்டும் ஒருவராலும் உருவ முடியவில்லை. இவருடைய கட்டு அப்படி. நான் பார்த்தபோது மனோலிஸின் தங்கை குனிந்து முடிச்சுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை. ஆட்டிறைச்சியும் வாணவேடிக்கையும் இரவுக்குத்தான், எங்கள் விமானமோ மதியம். எலேனியே எங்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார். ஊர் எல்லையில், சைப்ரஸ் மரங்கள் நிற்கும் மயானத்தின் முன்னால் வண்டியை நிறுத்தினார். இருக்கைக்குப் பின்னாலிருந்து ஈரத்துணியில் சுற்றிய ஒரு மாலையை எடுத்தார். நாத்தனார் முழுசாகக் கழற்றித் தந்தாராம்.

அங்கே ஒவ்வொரு கல்லறையின் தலைப்பக்கமும் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு, இறந்தவரின் படம். மனோலிஸ் அடர்ந்த மீசையும் வெயிலுக்குச் சுருங்கிய கண்ணுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எலேனி பெட்டியைத் திறந்தார். மாலையைக் கல்லின் மேல் வைத்துப் பார்த்தார், எடுத்தார், கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு படத்தை வெளியே எடுத்து, இரண்டாக மடித்த அந்த மாலையை அதன் மேல் போட்டார். செத்தவர் படத்துக்கு நாங்கள் மாலை போடுவோம் என்று நானும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு கிழமையாக எலேனியின் வீட்டில் இருந்த இவருக்கு, நேற்றுக் காலையிலிருந்து அவருடைய முகத்தை நேரே பார்க்கத் துணிவு வரவில்லை. இப்போது முன்னால் போனார். படத்தின் நெற்றிக்கு நேரே தொங்கிய முடிச்சை மெல்லப் பின்பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு பக்கமும் சமமாக இழுத்துவிட்டார்.

"முடிச்சு முன்னுக்குத் தெரியக் கூடாது எண்டு சொல்லு" என்றார் என்னிடம்.

சொன்னேன். எலேனி தலையை ஒரு பக்கம் சாய்த்து மனோலிஸைப் பார்த்தார், முடிச்சு போன இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அடுத்த வருடம் நானே சரியாகப் போடுவேன்" என்றார்.